“ஒரு அட்டை சுகர் மாத்திரை குடுங்கண்ணே!”

சனிக்கிழமை சாயந்திரம். திருச்சியில் ஆபீஸ் முடித்து, அடித்துப் பிடித்து புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்து, கீரனூர் நெருங்கும்போது கண் சொக்குமே... அந்த நேரம் பார்த்துத்தான் செல்போன் அலறும். அம்மா!

“வரும்போது அப்பாவுக்கு சுகர் மாத்திரை வாங்கிட்டு வந்துருப்பா. நேத்தோட தீந்துபோச்சு.”

“என்ன மாத்திரைம்மா?”

“அதான்டா... வெள்ளை அட்டை. பின்னாடி பச்சையா கோடு போட்டிருக்கும்.”

“பேரு?”

“பேரெல்லாம் எனக்கென்ன தெரியும்? மெடிக்கல்ல கேட்டா அவங்களே குடுப்பாங்க!”

இந்த வசனம் இல்லாத வீடு புதுக்கோட்டை மாவட்டத்தில் குறைவு. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, விராலிமலை எங்கே போனாலும் வீட்டுக்கொரு சுகர் பேஷன்ட் உத்தரவாதம். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட மாப்பிள்ளையின் அப்பாவிடம், “உங்களுக்கு சர்க்கரை போடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் காபி கலக்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். ‘இதோ வந்துட்டேன்’ என்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு 13 கோடியே 60 லட்சம் பேர். ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவில் குளிப்பாட்டும் நாமும் இந்த இரண்டாவது கணக்கில் இருக்கலாம். அதை இன்னொரு நாள் பேசுவோம். இப்போதைக்கு அப்பாவுக்கு மாத்திரை.

‘மருந்து வாங்குவதில் என்ன பெரிய வித்தை? சீட்டை நீட்டு, காசைக் கொடு, பையை வாங்கு’ என்று நினைத்தால், அந்த மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் ஒரு அரைமணி நேரம் நின்று பாருங்கள். ரேஷன் கடையில்கூட கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம்; இங்கே முடியாது.

‘ரெண்டும் ஒண்ணுதான் தம்பி!’

முதல் கண்டம், பெயர். சுகர் மாத்திரைகளுக்குப் பெயர் வைத்தவர்கள், இனிஷியலிலேயே ஊரை ஏமாற்றுகிற வம்சம்போல. கிளைகோமெட் ஜி.பி.1 என்று ஒன்று. ஜி.பி.2 என்று ஒன்று. அப்புறம் ஜி.பி.1 ஃபோர்ட், ஜி.பி.2 ஃபோர்ட். கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே சங்கதி வேறு. 1, 2 என்கிற நம்பர் கிளிமிபிரைடு என்கிற மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதைச் சொல்கிறது. ஃபோர்ட் என்று வால் முளைத்தால் கூட இருக்கும் மெட்ஃபார்மின் 500-லிருந்து 1000 மில்லிகிராமாக ஏறிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு கம்பெனி மட்டுமல்ல, ஏகப்பட்ட கம்பெனிகள் இதே சூத்திரத்தில்தான் பெயர் வைக்கின்றன.

ஜி.பி.1 சாப்பிடுகிற மனிதருக்கு ஜி.பி.2 போனால் என்ன ஆகும்? கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து. அளவு இரட்டிப்பானால், மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் தாமதமான அன்றைக்கு சுகர் சடாரென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பெரியவர் வயலில் தனியாக இருக்கிற நேரத்தில் இது நடந்தால், தண்ணி போட்டிருக்கிறார் என்று நினைத்து ஊரார் ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஆகவே ‘வெள்ளை அட்டை, பச்சைக் கோடு’ எல்லாம் சரிப்படாது. பழைய அட்டையை செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர், அதன் பின்னால் வருகிற நம்பர், அதற்கும் பின்னால் வருகிற வால் மூன்றும் தெரிகிற மாதிரி.

“டாக்டர் சீட்டு இருக்கே சார், அதுல தெளிவா இருக்குமே” என்கிறீர்களா? பாவம், நீங்கள் இன்னும் டாக்டர் எழுத்தைப் பார்க்கவில்லை. மருந்தின் மூலப்பெயரை, புரிகிற மாதிரி, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்திவிட்டது. ஆனாலும் பல சீட்டுகள் இன்றைக்கும் சித்தன்னவாசல் கல்வெட்டுக்குப் போட்டியாகத்தான் இருக்கின்றன. படியெடுக்க ஆள் தேவை.

இரண்டாவது கண்டம், கேட்ட கம்பெனி மாத்திரை இருக்காது. கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டுவார். “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. கம்பெனிதான் வேற.” பல நேரம் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றாக, அளவும் ஒன்றாக இருந்தால் கம்பெனி மாறுவதால் குடிமுழுகிவிடாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமோ? எச் பட்டியலில் வருகிற மருந்து எதுவானாலும், சீட்டில் எழுதியிருப்பதற்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் 65-வது விதி இதைச் சொல்கிறது. உள்ளே இருப்பது அதேதான் என்றாலும் கூடாது! சரி, டாக்டரை எங்கே போய்த் தேட? கடையில் நின்றபடியே அவருடைய கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு, “இது இல்லையாம், இது குடுக்கறாங்க, வாங்கலாமா?” என்று கேட்டுவிடுவதுதான் வழி. இன்னும் நல்ல வழி, அடுத்த தடவை டாக்டரிடம் மூலப்பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி விடுவது. கேட்டால் எழுதித் தருகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை. டாக்டர் ரூமுக்குள் போனதும் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறதே!

இன்னொரு சின்ன விஷயம். பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் வேண்டும் என்றால் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டுகிற வெட்டில் எக்ஸ்பயரி தேதி கடையிலேயே தங்கிவிடும், நமக்கு வெறும் மாத்திரை வரும். பில் கேட்டு வாங்கினால் அதில் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் இருக்க வேண்டும். “பில்லெல்லாம் எதுக்கு தம்பி, தெரிஞ்ச கடைதானே” என்பார்கள். தெரிந்த கடை என்பதால்தான் பில் கேட்கிறோம் அண்ணே என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள், வேலை நடக்கும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

மேலே சொன்னதெல்லாம் சில்லறைக் கண்டங்கள். இனி வருவதுதான் நிஜமான கண்டம். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், இதை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

இந்தியாவில் பாட்டிலில் வருகிற சாதாரண மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று எப்போதோ மாறிவிட்டன. நம் ஊரில் மட்டும் இரண்டும் ஓடுகிறது. பாட்டிலில் 40-ம் வரும்; விலை கூடின புதுவகை இன்சுலின்களில் 100-ம் வரும். பேனா மாதிரி இருக்கிறதே, அதில் போடுகிற கார்ட்ரிட்ஜ் எல்லாம் 100.

இதற்கேற்ற மாதிரி ஊசியும் இரண்டு வகை. யூ-40 சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி. யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ராத்திரி எட்டரை மணிக்கு, ஆலங்குடி கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே குடும்பம்தான். “இன்சுலின் ஊசி பத்து குடுங்கண்ணே.” கையில் கிடைத்ததை எடுத்துப் போடுவார் பையன். நாமும் பஸ் ஏறிவிடுவோம்.

இப்போது கணக்கு. டாக்டர் எழுதினது 20 யூனிட். வீட்டில் இருப்பது 40 யூனிட் பாட்டில். ஆரஞ்சு மூடி ஊசி வந்துவிட்டது. அப்பத்தா வழக்கம்போல 20-ம் கோடு வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். உடம்புக்குள் போனது எவ்வளவு? ஊசியில் 20-ம் கோடு என்பது 0.2 மில்லி. அதில் இருப்பது 8 யூனிட்தான்! பாதிகூட இல்லை. பத்து நாள் இப்படியே போனால் சுகர் எகிறும். “வாயைக் கட்டமாட்டேங்கறியே ஆத்தா” என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து அப்பத்தாவைத் திட்டுவார்கள். ஒளித்து வைத்து பலாச்சுளை தின்றதாக அபாண்டம் வேறு!

இதையே திருப்பிப் போடுங்கள். பாட்டில் 100 யூனிட், ஊசி சிவப்பு மூடி. 20-ம் கோடு என்றால் அந்த ஊசியில் அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. இது திட்டு வாங்குகிற கேஸ் அல்ல. நடுராத்திரி தூக்கத்திலேயே சுகர் இறங்கி, காலையில் எழுப்பினால் எழுந்திருக்காத கேஸ்.

பரிகாரம் ரொம்ப சிம்பிள். பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள், அல்லது லேபிளைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் 40 என்றிருந்தால் ஊசி உறையிலும் 40. பாட்டிலில் 100 என்றால் ஊசியிலும் 100. கவுன்ட்டரில் வைத்தே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பின்னால் நிற்கிறவர் “சீக்கிரம் சார்” என்பார். சொல்லிக்கொள்ளட்டும்.

கூடவே இன்னொன்று. கலவை இன்சுலினில் 30/70 என்றும் 50/50 என்றும் இருக்கிறது. பெட்டி ஒரே மாதிரி, பெயர் ஒன்று, நம்பர்தான் வேறு. அதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

அறுபது ரூபாய் மாத்திரை ஆறு ரூபாய்க்கு வந்த கதை

காசு விஷயத்துக்கு வருவோம். மாசக் கடைசியில் நமக்கும் சுகர் மாதிரிதான், பர்ஸ் இறங்கிக்கொண்டே வரும்.

எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை. சிறுநீர் வழியாக சர்க்கரையை வெளியேற்றுகிற ரகம். இருதயத்துக்கும் நல்லது என்று டாக்டர்கள் எழுதுவார்கள். ஒரு மாத்திரை அறுபது ரூபாய் சுமாருக்கு விற்றது. தினம் ஒன்று என்றால் மாசம் ஆயிரத்து எண்ணூறு! புதுக்கோட்டையில் ஒரு சிங்கிள் ரூம் வாடகையில் பாதிக்கு மேல் மாத்திரைக்கே போயிற்று. 2025 மார்ச் 11-ம் தேதி அதன் காப்புரிமை முடிந்தது. மறுநாளே இந்தியக் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. அஞ்சரை ரூபாயிலிருந்து பதினாலு பதினைந்து ரூபாய் வரை பல பெயர்களில் அதே மருந்து வந்துவிட்டது. சிட்டாகிளிப்டின் என்கிற இன்னொரு மாத்திரைக்கு இதே கூத்து 2022-லேயே நடந்தது. விலை இறங்கினது தெரியாமல், பழைய சீட்டை நீட்டிப் பழைய பிராண்டையே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கடைக்காரர் தானாகச் சொல்வாரா? சொல்கிற மகராசன்களும் உண்டு. ஆனால் விலை கூடின மாத்திரையில்தான் அவருக்கும் நாலு காசு கூட நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுவது உத்தமம்: “சார், இதே மருந்து விலை கம்மியா வந்திருக்காமே?”

மூலப்பெயர் மருந்துகளுக்கென்றே கடைகளும் இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-லிருந்து. தமிழக அரசின் ‘முதல்வர் மருந்தகம்’ 2025 பிப்ரவரி 24-ம் தேதி ஒரே நாளில் ஆயிரம் கடைகளாகத் திறக்கப்பட்டது. கூட்டுறவுக் கடைக்குப் போக கௌரவம் தடுக்கிறவர்கள், கையில் இருக்கிற சம்பளச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நஷ்டம் யாருக்கு?

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையும் இன்சுலினும் இலவசம். இதற்குப் பின்னால் இருக்கிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிற இந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் காப்பியடித்தன. 2017-ல் புதுக்கோட்டைக்கே மெடிக்கல் காலேஜ் வந்தாயிற்று. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அப்பா ஊரில் தனியாக இருக்கிறார், நீங்கள் சென்னையில் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது விசாரியுங்கள். “நமக்கெல்லாம் எதுக்குப்பா, இல்லாதவங்க வாங்கட்டும்” என்பார். அவர் தலைமுறை அப்படி. மாத்திரை தீர்ந்துபோன நாலு நாளை மகனிடம் சொல்லாமல் மறைப்பதும் அதே தலைமுறைதான்.

குளுகோமீட்டர் வாங்குவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. மெஷின் மலிவாகக் கிடைக்கும், சில சமயம் இலவசமாகக்கூடக் கொடுப்பார்கள். மீன் பிடிக்கிறவன் புழுவை இலவசமாகத்தானே கொடுக்கிறான்! அந்த மெஷினுக்கு அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப் மட்டும்தான் போடலாம். ஐம்பது ஸ்ட்ரிப் விலையைக் கேட்ட பிறகுதான் விஷயம் உறைக்கும். ஆகவே மெஷின் விலையைக் கேட்காதீர்கள், ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். அந்த ஸ்ட்ரிப் உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேளுங்கள். குளுகோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் நம்ம ஊர் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். அப்புறம் அது காட்டுகிற நம்பர் கிளி ஜோசியம்தான்.

அட்டையில் போட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ‘ஃபார்மா சஹி தாம்’ என்று ஒரு செல்போன் ஆப் இருக்கிறது. எந்த மருந்துக்கு என்ன உச்சவரம்பு விலை என்று அதில் பார்க்கலாம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இலவச போன் 1800 111 255. பில் இருந்தால்தான் புகார் நிற்கும். அதற்குத்தான் அப்போதே பில் பாட்டு பாடினேன்.

‘நாளைக்கு வந்துரும்!’

எல்லாம் சரியாகச் சொல்லி, சரியான சீட்டும் நீட்டி, பணமும் எண்ணி வைத்த பிறகு வருகிற பதில் இது. “ஸ்டாக் இல்லை தம்பி, நாளைக்கு வந்துரும்.” நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்து மெடிக்கலில் இன்சுலின் வாங்கி வைப்பது அவருக்கு ஒரு சூதாட்டம். ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். விற்காவிட்டால் தேதி போய்விடும். ஃபிரிட்ஜ் மருந்தை விற்றபின் திருப்பி வாங்க மாட்டேன் என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள். இரண்டு நாள் உங்கள் வீட்டு அலமாரியில் வெந்துபோன பாட்டிலை அவர் இன்னொருத்தருக்கு விற்றால் உங்களுக்குச் சம்மதமா? இத்தனைக்கும் நடுவில் அறுவடை முடிந்து தருகிறேன் என்கிறவர்களுக்கு நோட்டுப் போட்டுக் கடன் கொடுப்பவரும் அவர்தான். ஆன்லைன் கடை எதுவும் அப்படிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த ஆன்லைன் மருந்து விற்பனையை எதிர்த்து 2018 செப்டம்பர் 28-ம் தேதி நாடு முழுக்க மருந்துக்கடைகளை அடைத்தார்கள். முந்தின நாள் வாங்கி வைக்காதவர்கள் அன்றைக்கு முழித்தார்கள்.

சில சமயம் கம்பெனியே கையை விரித்துவிடும். டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி, மனித இன்சுலின் பேனா வகைகளை இந்தியாவில் படிப்படியாக நிறுத்துகிறது என்று 2025-ல் செய்தி வந்தது. பாட்டில் தொடரும், பேனா கிடையாது. வருஷக்கணக்கில் பேனாவைத் திருகிப் போட்டுப் பழகினவர்கள் பாட்டிலும் ஊசியும் வைத்துக்கொண்டு மறுபடி முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேனாவிலிருந்து பாட்டிலுக்கு மாறும்போதுதான் மேலே சொன்ன சிவப்பு-ஆரஞ்சு வம்பு நுழையும். மாறுகிறவர்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒரு தடவை ஊசியில் இழுத்துக் காட்டச் சொல்லிவிட்டு மாறுங்கள்.

மருந்து தீர்ந்த அன்றைக்குக் கடைக்குப் போவது என்கிற நம் பரம்பரை வழக்கத்தை விட்டால் பாதிப் பிரச்னை தீரும். பத்து நாளைக்கான மருந்து கையில் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். மாசாமாசம் இன்ன தேதிக்கு இன்ன மருந்து வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி, உங்கள் போன் நம்பரையும் கொடுத்துவிட்டால், அவருக்கும் ஸ்டாக் வைக்க தைரியம் வரும்.

அமெரிக்காவைப் பார்த்தால் நம் பாடு பரவாயில்லை என்று தோன்றும். 1922-ல் கனடாவின் டொரான்டோ நகரில் முதன்முதலாக ஒரு பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மருந்து அமெரிக்காவில் விற்கிற விலை தாங்காமல், 2019-ல் அங்கேயுள்ள நோயாளிகள் பஸ் பிடித்து எல்லை தாண்டிக் கனடா மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்தார்கள். நம் ஊரில் ஒரு பாட்டில் மனித இன்சுலின் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. விலை உச்சவரம்பு போட்ட புண்ணியம்.

கரன்ட் போனால்?

2018 நவம்பர் 14. உலக சர்க்கரை நோய் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்ட்டிங்கின் பிறந்தநாள் அது. நமக்கு நேரு மாமா பிறந்தநாள். இரண்டு நாள் கழித்து, 16-ம் தேதி விடிகாலையில் கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டெல்டா பூராவும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் போயின. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. தண்ணீருக்கும் மெழுகுவர்த்திக்குமே அல்லாடின அந்த நாட்களில், ஃபிரிட்ஜ் கதவுக்குள் இருந்த இன்சுலின் பாட்டிலைப் பற்றி யார் பேசினார்கள்? வீட்டு ஃபிரிட்ஜும் இல்லை, மெடிக்கல் ஃபிரிட்ஜும் இல்லை.

அதற்கு முன்னால் 2012-ம் வருஷ மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் பகல் பாதி, ராத்திரி பாதி கரன்ட் கிடையாது. கொசுவோடு பேசிக்கொண்டே வளர்ந்த தலைமுறை நாம்.

விஷயம் இதுதான். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கிற பாட்டிலை வெளியில் வைத்து சுமார் நாலு வாரம் போடலாம். எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கிற தாளில் போட்டிருக்கும். ஆனால் அந்தத் தாளில் ‘வெளியில்’ என்றால் 25, 30 டிகிரிக்குள். சித்திரை வெயிலில் நம் ஊர் ஓட்டு வீட்டுக்குள் அது எங்கே? புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 32, 37 டிகிரியில் வைத்த இன்சுலினின் வீரியம் நாலு வாரத்தில் குறைந்ததாகக் கண்டார்கள். கென்யாவில் டடாப் அகதிகள் முகாம் வெப்பத்தை வைத்து ஜெனிவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வோ, 25-க்கும் 37-க்கும் நடுவில் ஏறி இறங்கினாலும் நாலு வாரம் தாங்குகிறது என்றது. இரண்டையும் படித்துவிட்டு நமக்குத் தோன்றுவது: கரன்ட் இல்லையே என்று ஊசி போடாமல் இருந்துவிடாதீர்கள், அதே சமயம் பாட்டிலை டி.வி. மேலேயும் வைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு நம் பாட்டி கண்டுபிடித்த மெஷின் இருக்கவே இருக்கிறது, மண்பானை! ஒரு பெரிய பானை, உள்ளே சின்னப் பானை, நடுவில் ஈர மணல். பாட்டிலை பாலிதீன் கவரில் கட்டி சின்னப் பானைக்குள் வைத்து மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளிச்சூட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். கார்த்திகைக்குக் கரன்ட் போனாலும் சித்திரைக்குப் போனாலும் பானைக்கு பில் வராது.

ஃபிரிட்ஜ் இருக்கிறவர்கள் செய்கிற அநியாயம் வேறு. குளிர் நல்லது என்றால் கூடுதல் குளிர் கூடுதல் நல்லது என்று ஃபிரீஸரில் வைத்துவிடுவார்கள். உறைந்துபோன இன்சுலின் செத்த இன்சுலின். உருகினாலும் உயிர் வராது, குப்பைக்குத்தான். கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள்.

சென்னையில் வேலை பார்க்கிற மகன்கள் ஊருக்கு மருந்து அனுப்புகிற ஸ்டைல் தனி. ராத்திரி பஸ் டிரைவர் கையில் ஒரு கவர், கூடவே ஐம்பது ரூபாய். “அண்ணே, காலையில புதுக்கோட்டை ஸ்டாண்டுல அப்பா வந்து வாங்கிக்குவாரு.” அண்ணனும் நல்ல மனிதர். பத்திரமாக இருக்கட்டுமே என்று தன் கண் முன்னாலேயே, பக்கத்தில் இருக்கிற பானெட் மேல் வைத்துக்கொள்வார். கீழே எஞ்சின்! சென்னையிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் இன்சுலின் அவிந்துகொண்டே வரும். ஐஸ் வைத்து அனுப்புகிறேன் பேர்வழி என்று ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் உறைந்து சாகும். துணியில் சுற்றி, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் போட்டு, ஐஸ் படாமல் அனுப்ப வேண்டும். அதைவிட, அப்பா பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ள நீங்கள் இங்கிருந்து ஜிபே பண்ணிவிடலாம்.

ஜிபே என்றதும் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் மெடிக்கலில் ரெண்டு ரூபாய் சில்லறை இல்லை என்றால் என்ன கொடுப்பார்கள்? சாக்லேட்! சுகர் மாத்திரை வாங்குகிறவர் கையில் இரண்டு மிட்டாய்! ஆனால் ஒன்று. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர் சட்டைப் பையில் குளுகோஸ் பொட்டலமோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கத்தான் வேண்டும். படபடப்பும் வியர்வையுமாக சுகர் இறங்குகிற நேரத்தில், 15 கிராம் குளுகோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், வாயில் போட்டுக் கால்மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்ப்பதுதான் முதலுதவி. ஆள் மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்கு அடியுங்கள்.